பேர்னஸை மாற்றும் முன் வீட்டை அளந்து பார்த்தோம்: ஸ்காபரோவில் ஓர் எரிசக்தி மதிப்பீடு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1961ஆம் ஆண்டு கட்டப்பட்ட செங்கல் பங்களா ஒன்றில் நாங்கள் 2008இலிருந்து குடியிருக்கிறோம். மேல்தளம் ஏறத்தாழ 1,100 சதுர அடி. அதே அளவில் கீழே பேஸ்மென்ற். குடிவந்த முதலாவது குளிர்காலத்திலிருந்தே ஒரு குறை தொடர்ந்து இருந்தது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பேர்னஸ் ஓடி, தெர்மோஸ்ரற் 22 பாகை என்று காட்டும். ஆனால் வடக்குப் பக்க அறையில் படுப்பவர் காலுறை போடாமல் நித்திரை கொள்ள முடியாது. தையிலும் மாசியிலும் எரிவாயுக் கட்டணம் வரும்போதெல்லாம் சுடுதண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்வோம். பணம் போய்க்கொண்டிருந்தது சுடுதண்ணீர்க் குழாய் வழியாக அன்று, கூரை வழியாக என்பதை அறிவதற்கு எங்களுக்கு 14 ஆண்டுகள் ஆயின.

நான் மதிப்பிட விரும்புவது இரண்டு சேவைகளை. முதலாவது, கனடா இயற்கை வள அமைச்சின் எனர்கைட் முறைப்படி, பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவர் வீட்டுக்கு வந்து செய்யும் எரிசக்தி மதிப்பீடு. இரண்டாவது, அந்த மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஒப்பந்தக்காரரைக் கொண்டு செய்வித்த கசிவடைப்பும் (காற்றுக் கசியும் பிளவுகளை அடைப்பது) அற்றிக் இன்சுலேஷனும் (கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில் வெப்பத் தடுப்புப் பொருள் போடுவது). முதலாவதில் எனக்கு முழுத் திருப்தி. இரண்டாவதில் வேலை பயன் தந்தது. ஆனால் செய்தவர்களின் கவனம் போதவில்லை. நிறுவனங்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்களிடம் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

மதிப்பீட்டுக்கு நாங்கள் போனது 2022 இலையுதிர் காலத்தில். மத்திய அரசின் கிறீனர் ஹோம்ஸ் மானியம் 2021 மே மாதத்தில் தொடங்கியிருந்தது. வீட்டைத் திருத்த 5,000 டொலர் வரையும், மதிப்பீட்டுக்கு 600 டொலர் வரையும் அதில் கிடைத்தன. எந்த வேலையையும் தொடங்கும் முன் ஆலோசகர் வந்து அளந்திருக்க வேண்டும், வேலை முடிந்தபின் மறுபடியும் வந்து அளக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உண்மையைச் சொன்னால் நாங்கள் அவரை அழைத்தது மானியத்துக்காகவே. மதிப்பீட்டை ஒரு படிவம் நிரப்பும் சடங்கு என்றே நினைத்திருந்தோம். அந்த எண்ணம் அவர் வந்து ஒரு மணி நேரத்துக்குள் மாறிவிட்டது.

வந்தவர் தமிழ்த் தம்பி ஒருவர். முதலில் அற்றிக் கதவைத் திறந்து, ஏணியில் நின்றபடியே டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வெர்மிகுலைற் இருக்கிறதா என்று பார்க்காமல் வேறெதுவும் செய்வதில்லை என்றார். 1990 வரை அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைற்றில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. கனடாவில் பல பழைய வீடுகளின் கூரைக்குள் இன்றும் அது கிடக்கிறது. மினுங்கும் சிறு கூழாங்கற்கள் போன்ற அந்தப் பொருள் உங்கள் அற்றிக்கில் தென்பட்டால், அதைக் கிளறவோ கூட்டவோ வேண்டாம்; உரியவர்களை அழைத்துச் சோதிப்பியுங்கள். எங்கள் வீட்டில் அது இருக்கவில்லை. இருந்தது அமிழ்ந்துபோன பழைய கண்ணாடி நார் மட்டுமே; நான்கு அங்குல உயரம்கூட இல்லை. அதன் தடுப்பாற்றலை ஆர்-12 என்று எழுதிக்கொண்டார். இன்சுலேஷன் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் இந்த ஆர் எண் எவ்வளவு கூடுகிறதோ, வெப்பம் அவ்வளவு மெதுவாக வெளியேறும்.

பிறகு முன்கதவைத் திறந்து, கதவு நிலைக்குள் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதில் சிவப்பு நைலோன் துணியை இழுத்துக் கட்டி, துணியின் நடுவிலிருந்த துளையில் பெரிய மின்விசிறி ஒன்றை வைத்தார். புளோவர் டோர் சோதனை என்பது இதுதான். விசிறி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கிறது. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட 50 பாஸ்கல் குறையும்வரை அதன் வேகத்தைக் கூட்டுகிறார்கள். மணிக்கு 30 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் காற்று நான்கு புறமிருந்தும் ஒரே நேரத்தில் வீட்டை மோதுவதற்கு அது சமம். அந்த நிலையில், வழக்கமாகக் கண்ணுக்கும் தோலுக்கும் தெரியாத ஒவ்வொரு பிளவிலிருந்தும் காற்று உள்ளே பீறிடத் தொடங்குகிறது.

நான் நேராக யன்னல் பக்கம் போனேன். எங்கள் வீட்டு யன்னல்கள் பழையவை; குற்றவாளி அவையே என்று எங்களுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. புதிய யன்னல்களுக்கு 16,000 டொலர் என்று ஒரு விலைப்பட்டியலும் வாங்கி வைத்திருந்தோம். தம்பி சொன்னார்: "அண்ணை, யன்னலை விடுங்கோ. இஞ்ச வந்து இதிலை கையை வைச்சுப் பாருங்கோ." அவர் காட்டியது சாமி அலுமாரி. அந்த அலுமாரிக்குள் அம்மா ஏற்றும் விளக்கின் சுடர் குளிர்காலத்தில் எப்போதும் இடது பக்கமே சாயும். கதவு யன்னல் எல்லாம் பூட்டியிருக்கும்போதும் ஏன் இப்படி என்று அம்மா பல தடவை கேட்டிருக்கிறார். எங்களிடம் விடை இருந்ததில்லை. அலுமாரியின் பின்பலகையை விலக்கியபோது சுவரில் மின்செருகி ஒன்று தெரிந்தது. அதன் மூடியைச் சுற்றிக் கையை வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தது போலக் காற்று அடித்தது. அந்தச் சுவருக்குள்தான் பேஸ்மென்ற்றிலிருந்து அற்றிக் வரை கழிவுநீர்க் குழாயின் காற்றுப்போக்கி ஏறுகிறது. குழாயைச் சுற்றி விடப்பட்ட ஓட்டை, மேலே கூரைக்குள் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தே கிடந்தது. 1961இல் தச்சர்கள் வெட்டிய ஓட்டையை 61 ஆண்டுகளாக ஒருவரும் அடைக்கவில்லை.

இதன் பொறிமுறையை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை, உள்ளே 22 பாகை என்றால் வீடு முழுவதுமே ஒரு புகைபோக்கியாகிவிடுகிறது. இலேசான சூடான காற்று மேலேறி அற்றிக்குள் இருக்கும் ஓட்டைகளால் வெளியேறுகிறது. வெளியேறிய அதே அளவு குளிர்காற்று பேஸ்மென்ற் பக்கத்துப் பிளவுகளால் உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியே குளிர் கூடக் கூட இந்த இழுவையும் கூடும். ஆகவே, கீழே கால் குளிர்வதற்கான காரணத்தை மேலே கூரையில் தேட வேண்டியிருக்கிறது. யன்னலுக்குத் துணி செருகியும் பிளாஸ்ரிக் தாள் ஒட்டியும் நாங்கள் இத்தனை ஆண்டுகள் பட்ட பாட்டில் பெரிய பயன் ஏன் இல்லை என்பது அன்று விளங்கியது. யன்னல்கள் சுவரின் நடு உயரத்தில் இருப்பவை. அழுத்த வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும் இடமே அதுதான்.

அளவு வந்தது: 50 பாஸ்கலில் மணிக்கு 8.4 தடவை. வீட்டிலுள்ள காற்று முழுவதும் அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டுத் தடவைக்கு மேல் மாறுகிறது என்று பொருள். கனடாவின் ஆர்-2000 தரத்தில் (இது இன்சுலேஷனின் ஆர் எண் அன்று; எரிசக்தியைச் சிக்கனமாகப் பாவிக்கும் வீடுகளுக்கான தரம்) கட்டப்படும் வீட்டுக்கு இந்த எண் 1.5ஐத் தாண்டக் கூடாது. மிகக் குறைந்த வெப்பத்தில் இயங்கும் வீடுகளுக்கான ஜெர்மனியின் பாசிவ் ஹவுஸ் தரத்துக்கு 0.6. எங்கள் வீட்டின் பிளவுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் 16 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவில் ஒரு துளை வரும் என்று கணித்துக் காட்டினார். நான் இரண்டு கைகளாலும் அந்த அளவைச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சிறிய யன்னலை ஆண்டு முழுவதும் திறந்து வைத்துவிட்டு பேர்னஸை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இந்தச் சோதனை புதிதன்று. சஸ்கச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் 1977இல் கட்டப்பட்ட எரிசக்திச் சேமிப்பு வீடு இத்துறையின் வேர்களில் ஒன்று. சூரிய வெப்பத்தால் இயங்கும் வீடு வேண்டும் என்றே மாகாண அரசு கேட்டிருந்தது. அக்குழுவில் முன்னின்ற ஹரல்ட் ஓர் என்ற பொறியியலாளரும் அவருடைய சகாக்களும், வெப்பத்தைச் சேர்ப்பதற்கு முன் அது வெளியேறாமல் தடுப்பதே அந்தக் குளிருக்குப் பொருத்தம் என்று முடிவெடுத்தார்கள். பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும் அந்த ஊரில், வழக்கமான பேர்னஸ் இல்லாமலே அந்த வீடு இயங்கியது. அதன் கூரையில் போடப்பட்ட இன்சுலேஷன் ஆர்-60. இன்று எங்கள் கூரையில் இருப்பதும் அதே அளவு. பின்னர் ஜெர்மனியில் வளர்ந்த பாசிவ் ஹவுஸ் இயக்கத்துக்கு இந்த வீடு ஒரு முன்மாதிரி. இவ்வளவு அறிவும் நம் நாட்டிலேயே அரை நூற்றாண்டுக்கு அருகாக இருந்தும், ஸ்காபரோவின் தெருக்களில் உள்ள பழைய பங்களாக்களில் பெரும்பாலானவற்றை ஒருவரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

ஆலோசகர் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தார். பேஸ்மென்ற்றில் கொங்கிரீற் சுவரின் தலைப்பும் மேல்தளத்து மர வளையும் சந்திக்கும் விளிம்பைச் சுற்றி நடந்து, சிலந்தி வலைகள் ஆடும் இடங்களையெல்லாம் காட்டினார். குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அற்றிக்குள்ளேயே முடிந்திருப்பதையும் கண்டுபிடித்தார். அந்த இடத்துக்கு மேலிருந்த கூரைப் பலகை கறுத்துப் போயிருந்தது. குளிக்கும் நீராவி மேலே போய் உறைந்து, வெயில் வந்ததும் உருகிச் சொட்டியிருக்கிறது. வீட்டை முன்பு வைத்திருந்தவர்கள் செய்த பிழை. நாங்கள் ஒரு நாளும் அந்தக் கதவைத் திறந்து பார்த்ததில்லை.

இன்னொரு விடயத்தில் அவர் கண்டிப்பாக இருந்தார். எங்களுடையது பழைய வகைச் சுடுதண்ணீர்த் தாங்கி; அதன் புகை தானாகவே மேலேறிப் போக வேண்டியது. நம் வீடுகளில் பொரியலுக்கும் தாளிதத்துக்குமென்று சமையலறையில் வலுவான புகைவிசிறி பூட்டியிருப்போம். வீட்டின் பிளவுகளை அடைத்தபின் அந்த விசிறியைப் போட்டால், அது தேடும் காற்று வேறு வழியின்றிப் புகைக்குழாய் வழியாகவே உள்ளே இறங்கலாம். அதனுடன் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவும் வரலாம். ஆகவே, கசிவடைப்புக்கு முன்பே தாங்கியை மாற்றினோம். புதியது விசிறி வைத்துப் பக்கச் சுவரால் புகையைத் தள்ளும் வகை. இந்த ஒழுங்கை எந்த விற்பனையாளரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மதிப்பீட்டாளர் எதையும் விற்பவர் இல்லை என்பதே இந்தச் சேவையின் பெரிய பலம் என்று நான் கருதுகிறேன்.

விற்பனையாளர்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2015இல் ஒருவர் கையில் அட்டையோடு வாசலுக்கு வந்து, எங்கள் பேர்னஸ் பாதுகாப்பற்றது என்று அச்சமூட்டி, மாத வாடகைக்குப் புதியதொன்றைப் பூட்டிவிட்டுப் போனார். வீட்டின் வெப்ப இழப்பை அவர் கணக்கிடவே இல்லை. பழையதில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து அதே அளவு, 1 இலட்சம் பி.ரி.யு. (ஒரு மணி நேரத்தில் தரும் வெப்பத்தின் அளவு), என்று எழுதிக்கொண்டார். கடும் குளிர் நாளில் எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 46,000 என்பது மதிப்பீட்டுக்குப் பிறகு தெரிந்தது. இன்சுலேஷன் போட்டபின் அது 35,000. தேவைக்கு இருமடங்குக்கு மேற்பட்ட இயந்திரம் சில நிமிடங்கள் உறுமிவிட்டு நின்றுவிடும். தொலைவிலுள்ள அறைகளுக்கு வெப்பம் போய்ச் சேராது. வீட்டுக்கு வந்து வெப்பமூட்டிகளைக் கேளாமலே விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடைசெய்தது. இப்படியான வாடகைப் பொருட்களுக்காக வீட்டு உறுதியில் உரிமைப் பதிவு செய்வதையும் 2024 ஜூனில் தடைசெய்தது. நம்மவர் பலர், சிறப்பாகத் தனியே இருக்கும் முதியவர்கள், அதற்கு முன்பு கையெழுத்திட்டுச் சிக்கியிருக்கிறார்கள். இன்றும் தொலைபேசியில் அழைத்து "அரசாங்கத் திட்டம்" என்று தொடங்குவோர் உண்டு. வீட்டை அளக்காமல் இயந்திரத்தின் அளவைச் சொல்பவரிடம் எதையும் வாங்க வேண்டாம். கனடாவில் இதைக் கணக்கிடுவதற்கென்றே எஃப்280 என்ற தரம் இருக்கிறது. "எஃப்280 கணக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. ஆண்டுக்கு 146 ஜிகாஜூல் என்று எங்கள் வீட்டின் எரிசக்தித் தேவையை மதிப்பிட்டு, எந்த வேலை எவ்வளவைக் குறைக்கும் என்று வரிசைப்படுத்தியிருந்தது. முதலில் அற்றிக்கும் கசிவும், அடுத்தது பேஸ்மென்ற் விளிம்பும் சுவரும், யன்னல் கடைசி. 16,000 டொலர் விலைப்பட்டியலை அன்றே கிழித்தோம். மதிப்பீட்டில் எனக்குள்ள ஒரே குறை, அந்த அறிக்கை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே கிடைக்கிறது என்பது. தம்பி வாயால் தமிழில் விளக்கியிருக்காவிட்டால் என் தாய்க்கு அதில் எதுவும் புரிந்திருக்காது. வீட்டின் பாதிப் பழக்கவழக்கம் அம்மாவின் கையில்தான் இருக்கிறது.

வேலையை 2023 வசந்தத்தில் செய்வித்தோம். அற்றிக்கின் தரையில் இருந்த ஓட்டைகளை நுரையாலும் பசையாலும் அடைத்து, அதன் மேல் செலுலோஸ் ஊதி ஆர்-60க்கு உயர்த்துவது. பேஸ்மென்ற் விளிம்பு முழுவதும் நுரை அடிப்பது. குளியலறைக் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோவது. எல்லாம் சேர்த்து 6,400 டொலர். செலுலோஸ் என்பது பழைய பத்திரிகைத் தாளை அரைத்து, தீப்பிடிக்காதிருக்கப் போரேற்று உப்புச் சேர்த்த பஞ்சு. கண்ணாடி நாரைவிட அடர்த்தியாக அமர்வதால் காற்றோட்டத்தைக் கூடுதலாகத் தடுக்கும், கையில் அரிக்காது. லொறியிலிருந்து தடித்த குழாய் வழியாக அரை நாளில் ஊதி முடித்தார்கள்.

ஆனால், அரை நாள் என்ற அந்த வேகத்தில் பிழையும் வந்தது. கூரையின் ஓரத்தில் இறவாணத்தால் உள்ளே வரும் வெளிக்காற்றுக்கு வழி விட வேண்டும். அதற்காக ஒவ்வொரு இடைவெளியிலும் தடுப்புத் தட்டு வைத்த பிறகே ஊத வேண்டும். வடமேற்கு மூலையில் தட்டு வைக்காமலே ஊதிவிட்டார்கள். அற்றிக் கதவின் மேல்முகத்துக்கும் ஒன்றும் ஒட்டவில்லை; சுற்றிலும் ஆர்-60 இருக்க, நடுவே அரை அங்குலப் பலகை. பணம் முழுவதையும் கொடுத்த பின்புதான் இரண்டும் எங்களுக்குத் தெரியவந்தன. தம்பி இரண்டாம் முறை அளக்க வந்தபோது அவரே காட்டினார். ஒப்பந்தக்காரர் மூன்று தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகு ஆளனுப்பித் திருத்திக் கொடுத்தார். அற்றிக் என்பது நாம் ஏறிப் பார்க்காத இடம். ஆகவே, ஊதுவதற்கு முன் அடைத்த ஓட்டைகளின் படங்களையும் ஓரத் தட்டுகளின் படங்களையும் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைசித் தவணையை இரண்டாம் அளவீடு முடியும்வரை வைத்திருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

இரண்டாம் அளவீட்டில் கசிவு 8.4இலிருந்து 5.6ஆக இறங்கியிருந்தது. ஆண்டுத் தேவை 120 ஜிகாஜூல். காகிதத்தில் இப்படி. கட்டணப் பட்டியலிலும் பார்த்தேன். 2023-24 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக மிதமாக இருந்தபடியால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. குளிர் மறுபடி குளிராக வந்த 2024-25ஐ எடுத்தேன். முன்பு ஆண்டுக்கு 2,700 கனமீற்றர் அளவில் இருந்த எரிவாயு, 2,050க்கு அருகில் நின்றது. சமையல் பழக்கமும் வீட்டிலிருப்போரின் எண்ணிக்கையும் மாறவில்லை. சுடுதண்ணீர்த் தாங்கிக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருக்கும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. வடக்கு அறையில் இப்போது வெறுங்காலோடு நடக்கலாம். கூரை விளிம்பில் முன்பு ஆண்டுதோறும் தொங்கிய தடித்த பனிக்கட்டி ஈட்டிகள் அந்தக் குளிர்காலத்தில் உருவாகவில்லை. உள்ளிருந்து கசியும் வெப்பம் கூரைப் பனியை உருக்கி, அந்த நீர் ஓரத்தில் மறுபடி உறைந்தே அவை உண்டாகின்றன. சாமி அலுமாரியில் சுடர் நேராக நிற்கிறது. அம்மா அதை ஒவ்வொரு விருந்தினருக்கும் காட்டுகிறார்.

புதிதாக வந்த ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. காற்று குறைவாக மாறுவதால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. முதல் குளிர்காலத்தில் சோறு வடித்து, இடியப்பம் அவித்த நாட்களில் யன்னல் கண்ணாடியின் அடியில் நீர் வழிந்தது. வெளியே கடுங்குளிர் இருக்கும்போது உள் ஈரப்பதத்தை 30 சதவீதத்துக்கு அருகில் வைக்க வேண்டும். 15 டொலருக்கு ஓர் ஈரமானி வாங்கிச் சமையலறையில் வைத்திருக்கிறோம். அவிக்கும்போது விசிறி கட்டாயம். இதைவிட இறுக்கமாக வீட்டை அடைக்க நினைப்பவர்கள், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் எச்.ஆர்.வி. இயந்திரத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

நாங்கள் விண்ணப்பித்த மத்திய மானியம் 2024 பெப்ரவரியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியிலிருந்து வேறொரு தள்ளுபடித் திட்டம் நடக்கிறது. இத்தகைய திட்டங்களின் விதிகள் நடுவிலேயே மாறுபவை. ஒப்பந்தக்காரர் சொல்வதை நம்பாமல், கையெழுத்திடும் நாளில் திட்டத்தின் பக்கத்தை நீங்களே படியுங்கள். மானியமே இல்லாவிட்டாலும் மதிப்பீட்டை நான் செய்விப்பேன். இரண்டு வருகைக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்தது 700 டொலருக்குச் சற்று மேல். அதில் 600 திரும்பி வந்தது.

வாடகை பேர்னஸின் ஒப்பந்தம் முடிந்ததும், பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையிலும் இயங்கும் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் மின் இயந்திரம்) ஒன்றைப் பூட்ட எண்ணியிருக்கிறோம். 35,000 பி.ரி.யு. தேவைக்கு அளந்து வாங்கும் சிறிய இயந்திரம் போதும். அதற்கு முன் பேஸ்மென்ற்றின் வடக்குச் சுவர் இன்னும் வெறும் கொங்கிரீற்றாக நிற்கிறது. தம்பியை செப்ரெம்பரில் மறுபடி அழைத்திருக்கிறேன். இம்முறை ஒப்பந்தக்காரர் நுரை அடிக்கும் நாளிலேயே அவரும் நின்று பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.